பஞ்சர் ஆக வேண்டும் என்று ஜெபித்தேன்

என் தங்கச்சி புருஷன் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பான் என்று நினைத்துக்கொண்டே நான் முக்கால் மணி நேரம் சைக்கிள் மிதித்தேன். அப்படி நடந்திருந்தால் அதற்குக் காரணம் நான். வேறு யாரும் இல்லை. இதை விசுவாசிகள் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மனதில் ஒரு பாரம். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே இடம். என் கைபட்ட சைக்கிள் வழியில் நின்றுவிட்டது என்று இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையும் இந்தக் கதையில் ஒரு பங்கு.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கோவிலில் இருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போவோம். முப்பது, முப்பத்தைந்து பேர். மூன்று நாள் பயணம். எல்லோருக்கும் காவிச் சட்டை. முன்னால் போகிறவர் சைக்கிளில் மாதா கொடி கட்டியிருக்கும். கடைசியில் மெக்கானிக் வர வேண்டும். அது நான். யாருக்கு எது உடைந்தாலும் ஓரமாக நின்றால் போதும், கடைசி ஆள் வந்து பார்த்துக்கொள்வான். சாமான்களும் சாப்பாட்டுப் பாத்திரங்களும் லோடு ஆட்டோவில் வரும். ஓட்டுவது எங்கள் கடைக்குப் பக்கத்துத் தெரு பீர் பாய். நாலு வருடமாக வருகிறார். உங்க ஆளுகளை விட எனக்குத்தான் மாதா பாட்டு மனப்பாடம் என்று சொல்லிச் சிரிப்பார். எல்லோருடைய போனும் ஒரு பையில் போட்டு அவர் வண்டியில்தான் இருக்கும். சாயங்கால ஜெபம் முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. புறப்படும் காலையில் பூசை முடிந்ததும் சைக்கிள்களை வரிசையாக நிறுத்துவோம். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மந்திரித்த பிறகு முதல் நிறுத்தம் வரை எந்தச் சைக்கிளிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. எங்கள் தலைவர் அந்தோணி அண்ணன் போட்ட சட்டம். அதற்கு முன்பெல்லாம் மந்திரித்த பிறகும் ஆளாளுக்கு சீட்டை ஏற்று, பிரேக்கைப் பார் என்று என்னைச் சுற்றி நின்றுகொள்வார்கள். புறப்படவே எட்டு மணி ஆகிவிடும். அதற்காகப் போட்டது. நாள் ஆக ஆக அது பக்தி மாதிரி ஆகிவிட்டது. மந்திரித்த சைக்கிளில் கை வைத்தால் மாதாவை நம்பாதது போல என்று பேச ஆரம்பித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் கொடி கட்டிப் போகும் பொறுப்பு சேவியருக்கு வந்தது. சேவியர் என் தங்கச்சி ரோஸின் புருஷன். அவனும் நானும் எட்டு மாதமாகப் பேசுவதில்லை.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் மகள் புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கிய அன்று நடந்தது. தாய்மாமன் நான் மாலையோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் அவன் அண்ணன் போய்ப் பிள்ளைக்கு மாலை போட்டுவிட்டார். சேவியர் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். ரோஸ் தெருமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வந்து கூப்பிடுவான் என்று நான் இருந்தேன். நான் வருவேன் என்று அவன் இருந்தான். எட்டு மாதம் ஓடிவிட்டது.

பயணத்துக்கு முந்தின நாளே எல்லோரும் சைக்கிளைக் கோவில் வளாகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேவியர் சைக்கிளும் சாயங்காலமே வந்துவிட்டது. நான் தொடவில்லை. கிடக்கட்டும் என்று கடைசியில் தள்ளி வைத்தேன். இதை நான் வேண்டுமென்றுதான் செய்தேன். வேலை இருந்தது என்று சொல்ல முடியாது.

மறுநாள் விடியற்காலை பூசை நடக்கும்போது வாசலில் உட்கார்ந்து அவன் சைக்கிளைக் கையில் எடுத்தேன். முன் சக்கரம் ஆடியது. அச்சைக் கழற்றி, பேரிங் குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டினேன். இரண்டு பக்க நட்டையும் கையால் முடுக்கினேன். கையால் முடுக்கிய பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஃபாதர் வெளியே வந்தார். அந்தோணி அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் முதலில் நிறுத்திவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

தீர்த்தத் துளி முகத்தில் பட்டபோது எனக்கு நினைவு வந்தது. நட்டு இறுக்கவில்லை.

இங்கேதான் நான் தப்புச் செய்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரியும். மந்திரித்த சைக்கிளில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதை நான் பிடித்துக்கொண்டேன். உண்மையில் தடுத்தது சட்டம் இல்லை. சட்டத்தை மீறலாமா என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டால் அரை நிமிட வேலை. ஆனால் சேவியரிடம் போய், கொஞ்சம் இரு என்று சொல்ல வேண்டும். முதலில் நான் வாய் திறக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து நான் முதலில் பேசினதாக ஆகிவிடும். மேலூரில் முதல் நிறுத்தம். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அவன் டீ குடிக்கிற நேரத்தில் இறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவன் கொடியைக் கட்டிக்கொண்டு முன்னால் போனான். நான் கடைசியில் போனேன்.

ஒத்தக்கடை தாண்டியதும் ஒரு பெரியவருக்குச் செயின் அறுந்தது. மெக்கானிக் நின்றுதான் ஆக வேண்டும். மாட்டிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டினால் அவருக்கே பெடல் கழன்றது. அவரும், தம்பி, நம்ம வீட்டுல கிழட்டு மாடுகூட ஓடுது, இந்தச் சைக்கிள் மட்டும் நின்னு போகுதே என்று பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை.

நான் மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ச் சேர்ந்தபோது முன்னால் போனவர்கள் டீ குடித்துக் கிளம்பிவிட்டார்கள். நடுவில் வந்த கூட்டம் மட்டும் நின்றது. பீர் பாய் அடுப்பைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கொடி எங்க பாய்?"

"அது போயி இருபது நிமிசம் ஆச்சுண்ணே. உங்க மாப்பிள்ளைக்கு இன்னைக்குக் காலுல ரெக்கை மொளச்சிருக்கு." என் முகத்தைப் பார்த்தார். "என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல பாய். வெயிலு."

"எட்டரை மணிக்கு என்ன வெயிலு?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லோடு ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் சேவியரைப் பிடித்திருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் நட்டு இறுக்காமல் விட்டான் என்று ஆகும். தங்கச்சி புருஷன் சைக்கிளில் விட்டான் என்று ஆகும். பேசாத ஆள் சைக்கிளில் விட்டான் என்றும் ஆகும். நான் டீ கூடக் குடிக்காமல் மிதித்தேன். கடைசியில் வர வேண்டியவன் எல்லோரையும் தாண்டிப் போனேன். அந்தோணி அண்ணன் பின்னால் இருந்து கத்தினார். திரும்பவில்லை.

மேலூர் தாண்டித் திருப்பத்தூர் ரோட்டில் கல் லாரிகள் போகும். கீழவளவு பக்கம் இருந்து பெரிய பெரிய கல்லை ஏற்றிக்கொண்டு வரும். சைக்கிள்காரன் ஓரத்து மண்ணில் இறங்கிவிட வேண்டும். ஊருக்கு ஊர் வேகத்தடை. கையால் முடுக்கிய நட்டு குலுங்கக் குலுங்கக் கழன்று வரும். நட்டு இல்லாத சக்கரம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஃபோர்க்கை விட்டு வெளியே வந்துவிடும். ஆள் தலைகுப்புற விழுவான். பின்னால் லாரி வரும். எனக்கு இது தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். ஒவ்வொரு வேகத்தடையிலும் ரோட்டைப் பார்த்தேன். நட்டு கிடக்கிறதா, காவித் துணி கிடக்கிறதா என்று பார்த்தேன்.

ஒரு இடத்தில் தூரத்தில் கூட்டம். ரோட்டு ஓரத்தில் இருபது முப்பது பேர் வட்டமாக நின்றார்கள். பெடலில் கால் இருக்கிறது, மிதிக்க முடியவில்லை. ரோஸ் முகம் கண்முன் வந்தது. அவள் மகள் வெள்ளைக் கவுனோடு நின்றது வந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். மண்வெட்டியும் கூடையுமாக நின்று வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

"ஆத்தா, இந்தப் பக்கம் கொடி கட்டின சைக்கிள் போச்சா?"

"போச்சு. காவிச் சட்டைக்காரங்க நாலு பேரு, கொடிக்காரன் பாட்டுப் படிச்சுக்கிட்டே பறந்தான். அவன் உன் கூட்டாளியா? உன்னைய மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்?"

"எம்புட்டு நேரமாச்சு?"

"ஆரு கடியாரம் கட்டியிருக்கா. இந்தப் புள்ள எங்கள நாலு தடவை படம் புடிச்சிருச்சு, அம்புட்டு நேரம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சைக்கிளில் ஏறினேன். அங்கே இருந்து கொஞ்ச தூரம் போய்த்தான் ஜெபித்தேன். அதுவரை ஜெபிக்கவில்லை. ஜெபிக்க எனக்கு முகம் இல்லை. தெரிந்து செய்தவன் எந்த வாயால் கேட்பது?

ஆனால் வேறு வழி இல்லை. நான் அவனைப் பிடிக்க முடியாது. அவனை யாராவது நிறுத்த வேண்டும். மிதித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். மாதாவே, உம் மகனிடம் சொல்லி அவனை நிறுத்தச் சொல்லும். எப்படியாவது நிறுத்தும். அவன் டயர் பஞ்சர் ஆகட்டும். நான் முதலில் போய்ப் பேசுகிறேன். நடந்ததை அவனிடம் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு தடவை.

பஞ்சர் ஒட்டிச் சோறு தின்பவன் நான். ஒரு சைக்கிள் பஞ்சர் ஆக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவை கேட்டேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். அருள் நிறைந்த மரியே சொன்னேன். பாதியில் மறந்தது. மறுபடி முதலில் இருந்து சொன்னேன்.

கீழவளவு தாண்டி ஒரு வாய்க்கால் பாலம் வரும். பாலத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அந்த வேகத்தடைக்கு இந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் சேவியர் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. பின் டயரில் காற்று இல்லை. கொடி இல்லை. கூட வந்த மூன்று பேர் கொடியை வாங்கிக் கட்டிக்கொண்டு முன்னால் போயிருந்தார்கள். மெக்கானிக் வருவான் என்று இவனை விட்டுவிட்டார்கள்.

நான் இறங்கி நின்றேன். மூச்சு வாங்கியது. அவன் என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துச் சொன்னான்.

"பஞ்சர் ஒட்டுறவங்க வந்தா ஒட்டலாம்."

பேசாமல் இருக்கிறவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். நானும் மரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"உக்காந்துருக்கவங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தா ஒட்டலாம்."

அவன் எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனான். நான் முன் சக்கரத்துக்குப் போனேன். இடது பக்க நட்டு இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது. வலது பக்கத்து நட்டு கடைசி இரண்டு புரியில் தொங்கியது. விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேகத்தடை அங்கே இருந்து இருபது அடி. அதைத் தாண்டிப் பாலத்துக்கு இறக்கம். ஒரு கல் லாரி அந்தத் தடையில் ஏறி இறங்கிப் போனது. தரை அதிர்ந்தது.

பின் டயரில் கருவேல முள். நீளமானது. பிடுங்கினேன்.

நான் கேட்டதை ஆண்டவர் கேட்டபடியே கொடுத்துவிட்டார். நான் என்ன செய்தேன்? பையில் இருந்து புது நட்டு இரண்டு எடுத்து முன் சக்கரத்துக்குப் போட்டு, அவன் வருவதற்குள் இறுக்கினேன். பிறகுதான் பஞ்சர் ஒட்டினேன். ஒட்டுகிற நேரத்தில் பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. சேவியர் திரும்பி வந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தவன். வாயை மூடிக்கொண்டேன். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. நட்டு இறுக்காததைவிட அது பெரிய பாவம் என்று எனக்குப் படுகிறது.

"ஒட்டுனவங்களுக்கு நன்றி," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினான். நான் பின்னால் போனேன். எனக்கு முன்னால் அவன் முதுகு போய்க்கொண்டே இருந்தது. வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. திருப்பத்தூர் வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

திருப்பத்தூரில் மதியச் சாப்பாடு. ஒரு கோவில் வளாகத்தில் மரநிழலில் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்ததைப் பார்த்து அந்தோணி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏப்பா, எல்லாரும் பாருங்கப்பா. மச்சானும் மாப்பிள்ளையும் ஒண்ணா வாராங்க. இவரு மேலூர்ல இருந்து ஏன் அப்படிப் பறந்தாருன்னு இப்பத்தான் தெரியுது. மாப்பிள்ளை வழியில நிக்கிறாருன்னு மனசுல பட்டிருக்கு. மாதா புதுமை பண்ணிட்டாங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். பீர் பாய் சாம்பார் கரண்டியால் வாளியில் தட்டினார். சேவியர் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறேன். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தட்டில் சோறு போட்டார்கள். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. எழுந்து மாதா சிலை வைத்த கெபி முன்னால் போய் நின்றேன். அங்கே நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு வார்த்தை கொடும். மீதியை நான் பேசிக்கொள்கிறேன். முதல் வார்த்தை எனக்கு வரவில்லை.

திரும்பி வந்தேன். சேவியர் ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"மாப்ள."

வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கையில் சோறு அப்படியே இருந்தது.

"முன் வீல் நட்டை நான் இறுக்கல மாப்ள. கையால முடுக்கினதோட விட்டுட்டேன். ஒண்ணு வழியில விழுந்துருச்சு. இன்னொண்ணு இந்தா." பாக்கெட்டில் இருந்து எடுத்து அவன் தட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

இடது கையால் நட்டை எடுத்துப் பார்த்தான்.

"மறந்துட்டியா?"

"இல்ல. தீர்த்தம் தெளிக்கையிலேயே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நம்மதான் பேசுறதில்லையே."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். பீர் பாயிடம் போய்ப் போன் பையில் இருந்து அவன் போனை எடுத்து வந்தான். சட்டமெல்லாம் யாரும் பேசவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தான்.

"ரோசு. நீயே சொல்லு."

சொன்னேன். தங்கச்சி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு சொன்னாள்.

"பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கு. நாலு மணிக்கு வரும். நான் அதுகிட்ட என்னண்ணே சொல்லியிருப்பேன்?"

போனை வைத்துவிட்டாள்.

சேவியர் திரும்ப உட்கார்ந்து சாப்பிட்டான். மீதி இருந்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டான். புறப்படும்போது மட்டும் என் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், பின் பிரேக்கும் ஒரு மாதிரி இருக்கு. பாத்துரு. ஸ்பேனர் போட்டே பாரு."

யாரோ சிரித்தார்கள். அந்தோணி அண்ணன் சிரிக்கவில்லை. அவர் அன்றைக்கே எல்லோர் முன்னாலும் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். மந்திரிச்சாலும் தப்பு தெரிஞ்சா நிறுத்திச் சொல்லணும், தீர்த்தத்துக்கு அது குறைவில்லை என்றார். நான் பிரேக்கைப் பார்த்தேன். அன்று மீதி வழி முழுக்கச் சேவியர் முன்னால் போகவில்லை. கொடியை வாங்கிப் போனவர்களிடமே விட்டுவிட்டு என்னோடு கடைசியில் வந்தான். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மழை வருமா, காற்று எதிர்க்காற்றா என்று பேசினோம்.

மூன்றாம் நாள் வேளாங்கண்ணியில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. விசுவசிக்கிறேன். ரோஸ் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகிறேன், வருகிறேன். காபி கொடுக்கிறாள். என் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அது அவள் நியாயம். நான் காத்திருக்கிறேன். அதற்காகவும் ஜெபிக்கிறேன்.

கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யார் சைக்கிளை விட்டாலும் வந்த வரிசைப்படிதான் எடுப்பேன். பிடிக்காத ஆள் என்றால் அதை முன்னால் எடுத்துவிடுவேன். இறுக்கினேனா என்று சந்தேகம் வந்தால், ஆள் போய்விட்டாலும் போன் போட்டுத் திரும்ப வரச் சொல்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

சகோதர சகோதரிகளே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டது நான் நல்லவன் என்பதால் இல்லை. கேட்கத் தகுதி இல்லாத நேரத்தில் கேட்டேன். சேவியரைக் காப்பாற்றினார். வாக்குக் கொடுத்துவிட்டு நான் ஒளிந்துகொண்டபோதும் என்னைத் தள்ளிவிடவில்லை. ஒரு வார்த்தை கேட்டேன், அதையும் கொடுத்தார்.

உங்களில் யாராவது ஒருவரோடு பேசாமல் இருக்கலாம். ஒரு தப்பைச் செய்துவிட்டு, இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது என்று உட்கார்ந்திருக்கலாம். அந்த முகத்தோடேயே போங்கள். கேளுங்கள். அவர் கேட்பார். கிடைத்த பிறகு மட்டும் என்னைப் போல வாயை மூடிக்கொள்ளாதீர்கள். நேரே அந்த ஆளிடம் போய் உட்காருங்கள். முதல் வார்த்தை வரவில்லை என்றால் அதையும் அவரிடமே கேளுங்கள். எனக்கு மாப்ள என்று வந்தது. உங்களுக்கு என்ன வருமோ, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.